இரண்டாவது வந்த பிள்ளைக்கு ஒரு பேனா

என் தங்கப் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து எடைபோட்டுப் பார்த்தார் ஓய்வுபெற்ற நீதிபதி.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். பேர்போன சட்டக் கல்லூரி. மதிப்பெண் குறைந்தவர்கள் வாசலில் காவலாளியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடலாம்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. தத்துவத் துறையில் மூன்று வருடமும் முதலிடம். பதக்கம். சிறந்த மாணவி விருது. வகுப்புத் தலைவி வேறு, அதுவும் ஏகமனதாக.

சான்றிதழ்களைப் புரட்டப் புரட்டக் கல்லூரி முதல்வர் அம்மாவின் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த வழக்கறிஞர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட இடம் கிடைத்த மாதிரிதான்.

கதவுக்கு வெளியே அப்பா. கார் மெக்கானிக். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் என் புராணத்தைப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே வரை கேட்டது. மானம் போயிற்று.

நீதிபதி பதக்கத்தைக் கீழே வைத்தார்.

"உங்க வகுப்புல மொத்தம் எத்தனை பேரும்மா?"

இத்தனை நாளில் யாருமே கேட்காத கேள்வி. ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதெல்லாம் சட்டம் படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விழுங்கினேன்.

உள்ளதைச் சொன்னேன்.

வழக்கறிஞரின் தலை ஆடுவதை நிறுத்தியது. முதல்வர் பதக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீதிபதி மட்டும் இருமல் வரும்வரை சிரித்தார்.

அதற்கப்புறம் பதக்கத்தை யாரும் சீண்டவில்லை. மூவரும் மாறி மாறிக் கேள்விகளால் துளைத்தார்கள். எனக்கு அது பழகிப்போன சங்கதி. எங்கள் வகுப்பில் என்ன கேட்டாலும் நான்தான் எழுந்து நிற்க வேண்டும். சளைக்காமல் பதில் சொன்னேன். கடைசியில் முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து இரண்டு புதுப் பேனாக்களை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வரும் அன்றைக்கு இப்படித்தான்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணை அந்த ரெண்டாவது வந்த பிள்ளைக்குக் கொடுத்துடு பாப்பா. உன்கிட்டயே தோத்துத் தோத்து அது மனசு என்ன பாடுபடுதோ."

சரி என்று வாங்கிக்கொண்டேன். நீதிபதியிடம் சொன்னதை இந்த மனிதரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் என் மேஜை இழுப்பறையில் ஏற்கெனவே மூன்று பேனாக்கள் மூடி திறக்காமல் கிடக்கின்றன. எனக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்புக்கே விடுமுறை விடுகிற துறையில், அவற்றை நான் யாரிடம் போய்க் கொடுப்பது?