கடைசித் தட்டு

கறிக்கோழிகள் யானைக்குட்டிகளாகும் வேகத்தில் தின்னும் பருவம். வாளியைக் கண்டால் பண்ணைக்காரரின் தலை வரை ஏறப் பார்க்கும். ஆனால் கடைசித் தீவனத் தட்டை மட்டும் ஒன்றும் நெருங்காது. சுற்றிலும் வட்டமாக இடம் விட்டு நிற்கும். தட்டோ மாலைக்குள் துடைத்துவைத்ததுபோல் காலியாகிவிடும்.

“சாப்பாட்டு ராமன் உங்க தம்பிதான் வந்து தின்னுட்டுப் போறாரோ என்னவோ,” என்றாள் மனைவி. “லாரி வர்றதுக்குள்ள எடை ஏறணும். அந்தத் தட்டை எடுத்துடுங்க. அந்தத் தீனியும் கோழிக்கே போகட்டும்.”

எடுத்துவிட்டார்.

மறுநாள் இருவரும் வாளியோடு நுழைந்தார்கள். கோழிகள் மனைவியின் காலை மொய்த்தன. அவரைச் சுற்றி மட்டும் வட்டமாக இடம் விட்டு நின்றன.

“உங்க மூஞ்சி அதுங்களுக்கே அலுத்துப்போச்சு,” என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பிடி தீனிகூட இன்னும் போடவில்லை; ஆனாலும் கையிலிருந்த வாளி கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்துகொண்டிருந்தது.