பதுளைக் கச்சேரி

பதுளை பஜாரில் கசட் கடை வைத்திருந்த புவாத், ரொக் பாடகர் எட்வின் ஜெயராசாவின் கச்சேரியைப் பைக்குள் ரெக்கோடரை மறைத்துக் களவாகப் பதிந்திருந்தான். முப்பது வருடமாகப் பாடும் மனிதரின் உழைப்பைத் திருடிவிட்டோமே என்று மனம் உறுத்தியதால் பிரதி எடுத்து விற்கவில்லை.

பாடகரும் மனைவியும் ஊருக்கு வந்து தன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பயத்தில் கசட்டை முழுவதுமாக அழித்துவிட்டான்.

மறுநாள் இருவரும் கடைக்கே வந்தார்கள். கழுத்தில் மப்ளரைச் சுற்றியிருந்த ஜெயராசா எதுவும் பேசவில்லை. கடும் கோபம் என்று நினைத்தான் புவாத்.

"இவர் கச்சேரியப் பதிஞ்சது நீங்கதானா, தம்பி?" என்று மனைவி லீலா கேட்டாள்.

"தப்புத்தான், மன்னிச்சிருங்க சேர். ஒன்னுகூட விக்கல. அல்லாஹ் மேல ஆணையா, நேத்தே அழிச்சிட்டேன்."

லீலா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, ஏன் தம்பி அழிச்சீங்க? எனக்குன்னு கட்டின புதுப்பாட்ட அன்னிக்குத்தான் முதல் தடவையா பாடுனாரு. காய்ச்சல்ல நான் வரல. அடுத்த வாரமே தொண்டையில ஆபரேஷன் பண்ணி, குரலே போயிருச்சு. உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசையா வந்தோம்."

புவாத் தலைகுனிந்து நின்றான். ஜெயராசா அருகில் வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது புவாத்துக்கு.