மீதி ஐந்து

62615533 ஒரு பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது என்று கணித மன்றத்தில் மார்தட்டப் போன ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முகம் தொங்கிப்போய் வீடு திரும்பினார். ஒரு வருட உழைப்பு. கம்ப்யூட்டரைத் தொடுவது தன் மூளைக்கே அவமானம் என்று கையாலேயே வகுத்துப் பார்த்தவர். வகுத்துப் பார்க்க வேண்டிய, எட்டாயிரத்துக்குள் அடங்கும் பகா எண்களில் பாதியை மனைவியின் தலையில் கட்டியிருந்தார்.

"7907ஆல மீதியில்லாமப் போகுதுன்னு மன்றச் செயலாளர் போர்டுலயே போட்டுக் காட்டிட்டான். மானம் போச்சு!"

மனைவியின் நோட்டைப் பிரித்தார். முதல் பக்கம், முதல் வரி: 7907, மீதி ஐந்து.

"பெரிய எண்லேருந்து கீழே வான்னு சொன்னா, முதல் கணக்கையே தப்பாப் போட்டிருக்கியேடி!"

"கணக்கு சரியாத்தான் வந்துச்சு. மீதி பூஜ்யம்" என்றாள் அவள், துணி மடித்தபடியே. "நான்தான் அஞ்சுன்னு எழுதினேன்."

"தெரிஞ்சேவா? முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ, இப்படி முதுகுல குத்தலாமா?"

"பூஜ்யம்னு எழுதியிருந்தா அன்னிக்கே கணக்கு முடிஞ்சிருக்கும். நீங்க அறையை விட்டு வந்து, துணி எப்படி மடிக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்திருப்பீங்க."



அவள் ஒரு புது நோட்டை நீட்டினாள். முதல் பக்கத்தில், அவள் கையெழுத்தில், பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தயாராக இருந்தது.