ஓடியாட இடம்

"வாம்மா டாக்டரம்மா! பத்துன்னா பத்துக்கே வந்துட்ட பாரு, அதான் பங்ச்சுவாலிட்டி. செருப்பக் கழட்டாத, கூண்டு தோட்டத்துலதான் கீது."

ஸ்கூட்டியை நிறுத்திய பெண் தோள்பையைச் சரிசெய்துகொண்டு, "சார், நான்..." என்று தொடங்கினாள்.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போன் பண்ணப்பவே சொன்னேன், கினிபிக் பாக்கத் தெரிஞ்சவங்களா அனுப்புங்கன்னு. வா, வா."

நாகபூஷணத்துக்கு நகரியில் அறுபது விசைத்தறிகள். அடுத்தவர் பேச்சைக் கேட்கும் பழக்கம் தறிச் சத்தத்தில் போய்விட்டது என்பார். தறி வாங்குவதற்கு முன்பும் அது இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. சென்னை ஜவுளி வியாபாரி ஒருவர் வீட்டில் கினிப் பன்றிகளைப் பார்த்த மறுவாரமே ஒரு ஜோடி வாங்கிவிட்டார். முயலாவதா எலியாவதா என்று முடிவெடுக்காமலே பிறந்துவிட்டவை போல இரண்டு உருவங்கள் புல்லை மென்றுகொண்டிருந்தன.

"ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்புல செஞ்சது. வெள்ளக்காரன் வீடியோ பாத்து அளவு குடுத்தேன். தூங்கறதுக்கு ஆறடி ரூம்பு, தரையிலருந்து ஒரு முழம் தூக்கி. ஈரம் ஏறாது. ஓடியாட பன்னெண்டுக்கு எட்டு புல்தரை. நாயி தோண்டாம இருக்க பூமிக்குள்ள ஒரு அடி கம்பி வலை. எப்டி?"

கூண்டின் மேல் சுருட்டி வைத்திருந்த தடித்த கம்பளியைத் தொட்டாள் அவள். "இது எதுக்கு சார்?"

"பனி கட்டி கட்டியா விழும்போது கூரை மேல போத்தறதுக்கு."

"நகரியிலயா?"

"ஸ்டாண்டர்டுன்னா ஸ்டாண்டர்டும்மா." நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறினார்.

"உள்ளயே பூட்டி வெச்சா ஒத்துக்காதா?"

"வெச்சா அவ்ளோதான்! காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வெளிய வுட்டே ஆவணும். இல்லன்னா துன்னாது, மூலையில குந்திக்கும். நோவு ஒண்ணும் இருக்காது, மனசு உட்டுப்போயிடும். தனியா வெச்சாலும் அப்டித்தான். தொணை வேணும். வாயில்லாத ஜீவன், நாமதான் புரிஞ்சுக்கணும்."

ருக்மணி இரண்டு டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள்.

"இவங்க?"

"வூட்ல," என்றார் நாகபூஷணம். கூண்டின் தாழ்ப்பாளைக் காட்டிய அதே விரலால் காட்டினார்.

"எங்கயாவது வெளிய போவீங்களாம்மா?" என்று அவள் ருக்மணியைக் கேட்டாள்.

"அவளுக்கு வெளிய இன்னா வேல?" என்று பதில் சொன்னவர் நாகபூஷணம். "தோ கீற திருப்பதிக்குப் போயே ஆறு வருஷமாச்சு. மளிகைகூட வூட்டுக்கே வந்துடுது. மகாராணி!"

மகாராணி காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நாகபூஷணம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஒத்தாசை பண்ணும்மா. பன்னெண்டு மணிக்கு பிச்சாட்டூர்லருந்து பொண்ணோட அப்பனும் மாமனும் வூடு பாக்க வராங்க. எம் பையன் சீனுவுக்கு முப்பத்தஞ்சாவுது. ஒம்போது எடம் கைக்கு வந்து நழுவிப்போச்சு. இன்னா கொறைன்னே தெரியல. போட்டோ பாக்கறதெல்லாம் பொம்பளைங்க வேல. நான் ஜாதகம் பாத்தேன், பத்துக்கு ஒம்போது பொருத்தம். இன்னிக்கே தாம்பூலம் மாத்திடணும். 'கூண்டு ரொம்ப நல்லா வெச்சிருக்காரு'ன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு. இதுங்களுக்கே இப்டின்னா பொண்ண எப்டி வெச்சுக்குவாரோன்னு அசந்துடுவாங்க."

"பொண்ண எப்டி சார் வெச்சுக்குவீங்க?"

"மாடில தனி ரூம்பு, ஏ.சி.! ஏதோ பேங்க்ல வேலையாம், உட்டுட்டு வரட்டும். எம் மருமவ கேட்டத் தாண்டி சம்பாதிக்கப் போறதா? பையன் பெங்களூர்ல கீறான், மாசம் ஒரு தபா வருவான். அதுவரைக்கும் இவ கீழ, அது மேல. இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு இன்னா வேணும், சொல்லு?"

அவள் பையிலிருந்து தாளை எடுத்து இரண்டு வரி எழுதி மடித்துக் கொடுத்தாள். நாகபூஷணம் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்கூட்டி போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்து பைக் ஒன்று வந்து நின்றது. முழங்கால்வரை சேறான ரப்பர் பூட்ஸோடு ஒருவர் இறங்கினார்.

"நமஸ்காரம் சார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் மணிவேல். ஒரு எருமைக்கு கன்னு தலைமாறி நின்னுடுச்சு, லேட்டாயிடுச்சு. கினிபிக் எங்க?"

நாகபூஷணம் அவரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார்.

'கூண்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு யாரும் வரமாட்டார்கள். தேவசேனா.'

பெண்ணின் ஜாதகத்தின் தலைப்பில் இருந்த பெயர்.

"அடப் பாவமே! கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணே மாப்ள வூட்ட பாக்க வருமா? எந்த ஊரு வழக்கம் இது? யாரு வரச்சொன்னது அத?"

"நாந்தான் போன் பண்ணேன்," என்றாள் ருக்மணி, கூண்டின் தாழ்ப்பாளைச் சரியாகப் போட்டபடி. "முன்னாடி ஒம்போது பொண்ணுங்களும் நான் போன்ல சொன்னதையே நம்பிடுச்சிங்க. இது ஒண்ணுதான், நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்னுச்சு."