உளியில் குங்குமம்

“வாஞ்சி, முதல்ல அதை உள்ள வைங்க. எதிர் சீட்டு ஆளு உங்க கையையே பாத்துட்டிருக்கான்.”

குமாரசாமி காதோரமாகச் சொன்ன பிறகுதான் வாஞ்சிநாதன் நிமிர்ந்தான். எதிரே கோட்டு சூட்டில் ஒரு வெள்ளைக்காரர். கோட்டில் அமெரிக்கக் கொடி குத்தியிருந்தார். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடிசனிலிருந்து நியூயார்க் போகிற காலை ரயில். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மாநிறமாக ஒருவன் தும்மினாலே பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற நேரம். நம் புண்ணியவான் அப்போது பார்த்து, மடியில் துணியை விரித்து உளிகளைப் பரப்பி வைத்திருந்தான்.

“உளிதானே குமார்? கராஜ் சேல்ல பழைய சாமானோட கிடைச்சுது. ஜப்பான்ல கையால அடிச்சது. இங்க பாருங்க முத்திரை. ஒவ்வொரு கொல்லனும் தன் பேரை இப்படிக் குத்தி வைப்பானாம். இது யாரோடதுன்னுதான் தெரியல. ஆபீஸ்ல ஒரு ஜப்பான்காரர் இருக்கார், அவர்கிட்ட காட்டலாம்னு...”

“அந்தக் குங்குமத்தையாவது தொடைச்சுட்டு வரக் கூடாதா?”

“நேத்துதானே ஆயுத பூஜை? வீட்டுல விசாலாக்ஷி ஒரு நாளாவது இருக்கட்டும்னா. முத்திரைக் குழியில நல்லா இறங்கிடுச்சு.”

“பாக்க ரத்தம் மாதிரி இருக்கு. எனக்கு அடுத்த மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூ வாஞ்சி, வம்பு வேணாம். மூடி வைங்க. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

வாஞ்சிநாதன் அவசரமாகச் சுருட்டிப் பையில் போட்டான்.

குமாரசாமி போன கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்காரரும் எழுந்து அதே பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், வாஞ்சிநாதனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாஞ்சிநாதனுக்குப் புரிந்துவிட்டது. ஃபோன் பண்ணிவிட்டான் பாவி.

நியூவார்க்கில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். கிளம்பவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் நேராக அவனிடம் வந்தார்கள்.

“எழுந்திருங்க சார். பையைத் திறங்க.”

பக்கத்து சீட்டுக்காரர்கள் விலகிப் போனார்கள். ஒரு அம்மாள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாஞ்சிநாதன் குமாரசாமியைத் தேடினான். காணோம்.

துணி விரிந்தது. எல்லாம் பளபளவென்று கூர் முனைகள்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“சாஃப்ட்வேர்.”

“சாஃப்ட்வேருக்கு இது எதுக்கு?”

போலீஸ்காரர் ஒரு உளியை எடுத்து முத்திரையைக் காட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“தெரியாது.”

சொன்ன பிறகுதான், இதைவிட மோசமான பதில் கிடையாது என்று உறைத்தது. போலீஸ்காரர் உளியைத் திருப்பினார்.

“இந்தச் சிவப்பு?”

“அது... பூஜை...” ஆயுதத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டான். கையில் விலங்கு, டி.வி.யில் முகம், வாசலில் விசாலாக்ஷி குழந்தை அஞ்சனாவைத் தூக்கிக்கொண்டு அழுகிறாள். எல்லாம் கண்முன் வந்துபோனது.

எதிர் சீட்டுக்காரர் எழுந்தார்.

முடிந்தது கதை என்று வாஞ்சிநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆபீசர், அதை நான் கொஞ்சம் பார்க்கலாமா?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காகச் சாய்த்துப் பார்த்தார்.

“மேல இருக்கறது பட்டறையோட பேர். கீழ இருக்கறது, கையால செஞ்சதுன்னு அர்த்தம். இதே முத்திரை போட்ட உளி என் வீட்டிலயும் ஒண்ணு இருக்கு. பின்பக்கம் குழிவா இருக்கு பாருங்க, ஜப்பான் உளியில அப்படித்தான் இருக்கும். மரவேலை செய்யறவங்க இதைத் தேடி அலைவாங்க.” பிறகு வாஞ்சிநாதனைப் பார்த்துச் சிரித்தார். “இவ்வளவு நேரமா தலைகீழா படிச்சுட்டிருந்தேன். அந்தச் சிவப்புப் பொடி இல்லேன்னா எழுத்தே தெரிஞ்சிருக்காது.”

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸ் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள்.

“இனிமே பெட்டியில போட்டுப் பூட்டி எடுத்துட்டுப் போங்க சார்.”

ரயில் கிளம்பியது. வாஞ்சிநாதன் எதிர் சீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சுடுங்க. நீங்கதான் போலீசைக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குமாரசாமி ஓடி வந்துவிட்டான்.

“என்ன ஆச்சு வாஞ்சி? பாத்ரூம் கதவு திறக்க வரல, உள்ளயே மாட்டிக்கிட்டேன். போலீசாமே? எவன் கூப்பிட்டான்? இந்த ஊர்ல நம்ம ஆளுங்களுக்கு நாமதான் துணை, வேற யாரும் கிடையாது.”

தோளில் விழுந்த அந்தக் கை வாஞ்சிநாதனுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. எதிர் சீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னான்.

“சார், இவர் குமாரசாமி. பக்கத்து அபார்ட்மென்ட். என் உயிர் ஃப்ரெண்ட்.”

அவர் குமாரசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஃப்ரெண்டா? அந்தக் கதவோரமா நின்னு போலீசுக்கு ஃபோன் பண்ணும்போது, உங்களை முன்னே பின்னே பார்த்ததே இல்லைன்னு சொன்னாரே!”