கூடை இறக்கிய தெரு

“என் தெருவையே திருடிட்டா. கூடப்பிறந்தவளா இருந்தா செய்வாளா?”

கண்ணாடியக்கா இதைச் சொல்லாத நாளே இல்லை. மீன் விற்கிற பெண்களில் மூக்குக்கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான். அவள் வாய்க்கு அகப்பட்டவள் சொந்த ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. எந்த ரகசியமும் தங்காது என்பதால் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர்.

புயல் வந்து அந்தக் கரையிலிருந்த படகுகளை எல்லாம் விறகாக்கிவிட்டுப் போனது. மறுபடி படகு கட்ட ஆண்கள் மரம் அறுத்தார்கள். பெண்கள் வலை பின்ன உட்கார்ந்தார்கள். ஓட்டைவாய் மட்டும் விடிந்ததும் பஸ் ஏறித் தூரத்துத் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து மீன் வாங்கி வந்து ஊருக்குள் விற்றாள்.

அதோடு விட்டாளா? ஒருத்தி தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்கக் கூடாது என்பது மீன்காரிகளுக்குள் எழுதாத சட்டம். இவளோ சொந்தத் தெருவை விட்டுவிட்டு, இன்றைக்குக் கண்ணாடியக்கா தெரு, நாளைக்கு இன்னொருத்தி தெரு என்று நாளுக்கொரு தெருவில் இறக்கினாள்.

“ஊரே வலை பின்னுது, உனக்கு என் தெருவுல என்னடி வேலை?”

“அக்கா, அது வந்து...”

“பேசாத. இனிமே என் மூஞ்சியில முழிக்காத.”

அன்றிலிருந்து குழாயடியில் ஓட்டைவாய் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மூடவே தெரியாத வாய் மூடிக்கொண்டது. ஆனாலும் பஸ்ஸை அவள் விடவில்லை.

ஒருவழியாகப் புதுப் படகுகள் கடலில் இறங்கின. முதல் நாளே கடல் அள்ளிக் கொடுத்தது. மத்தி கொட்டக் கொட்டக் கரையே கலகலத்தது. கண்ணாடியக்காவின் புருஷன் நனைந்த சட்டையோடு நின்று, “தூக்குடி கூடையை, பிழைச்சுக்கிட்டோம்” என்றான்.

தூக்கினாள். ஆனால் படகு வந்து என்ன, மீன் வந்து என்ன, வாங்க ஆள் வேண்டாமா? இத்தனை மாதம் ஓட்டைவாயிடம் வாங்கிப் பழகியவர்கள் இனி இவளைத் திரும்பிப் பார்ப்பார்களா? மீன் விற்காவிட்டால் அந்தப் படகும் வெறும் மரம்தான்.

தெருமுனையில் நின்று, “மீனு...” என்றாள். பாதிக் குரல்தான் வந்தது.

முதல் வீட்டு டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே ஓடினாள். போச்சு என்று நினைத்துக்கொண்டாள் கண்ணாடியக்கா.

டெய்லரம்மா பாத்திரத்தோடு திரும்பி வந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள். “எல்லாரும் கீழ வாங்க. கண்ணாடியக்காவே வந்துட்டாங்க.”

“‘அக்காவே’ன்னா? அப்ப இத்தனை நாளா என் பேர்ல யாரு வந்தா?”

“உங்க ஆளுதான். ‘கண்ணாடியக்கா மீனு’ன்னு உங்க பேரைச் சொல்லித்தானே கூவுவாங்க. இது அக்கா தெரு, அவங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னாங்க. ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு ஒருத்தன் வேன்ல மீன் கொண்டாந்தான். ‘அக்கா வந்துடுவாங்க, அவன்கிட்ட மாறிடாதீங்க’ன்னு வீடு வீடா வந்து கெஞ்சினாங்க. பேரு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாங்க. அக்கா பேரு மறக்காம இருந்தாப் போதும்பாங்க.”

கூடையைச் சுற்றிப் பாத்திரங்கள் நீண்டன. கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

காலிக் கூடையோடு கரைக்குத் திரும்பினாள். மற்ற பெண்களும் காலிக் கூடையோடு வந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாமல் நின்றிருந்தார்கள். எல்லாத் தெருவிலும் அதே கதைதான்.

ஓட்டைவாய் மட்டும் நிறைந்த கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஏன்டி போகல?”

“என் தெருவை வேன்காரன் பிடிச்சிட்டான்க்கா. உங்க தெருவெல்லாம் சுத்தினதுல அங்க போக எனக்கு நாள் மிஞ்சல.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க எங்கக்கா பேச விட்டீங்க?”

கண்ணாடியக்கா குனிந்து அந்தக் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டைவாய் தெருவுக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேன்காரன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தான். அந்தக் கரையின் மீன்காரிகள் அத்தனை பேரும் தெருவை அடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு நின்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

“ஓட்டைவாய் மீனு... எங்க ஓட்டைவாய் மீனு...”