இருபத்தைந்து கேரட்

"இருபத்தஞ்சு கேரட். அதுக்கு மேல ஒரு பொடி கூடாது," என்றாள் ஜசுமதி. தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைக் குவியல் மினுங்கியது.

"ஒரு அஞ்சு கேரட் சேர்த்துப் போடேன். யாருக்குத் தெரியப்போகுது?" மன்சுக்பாய் கெஞ்சினார்.

"உங்க ரத்தக் கொதிப்புக்குத் தெரியும்."

ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐந்து கிராம் என்றால் இருபத்தைந்து கேரட்; சூரத் வைரத் தரகர் வீட்டில் அதை வேறு எதில் நிறுப்பார்கள்? ஜசுமதி அந்த உப்பை வைரம் மடிக்கும் காகிதத்திலேயே மடித்து வைத்தாள்.

"இதை ஜூஸுக்குப் போட்டா, மத்தியானம் பருப்புல குறைப்பேன். பருப்புக்கு வேணும்னா ஜூஸ் சப்புன்னுதான் இருக்கும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"சுரைக்காயும் பாகற்காயும் அரைச்ச தண்ணியை உப்பில்லாம மனுஷன் குடிப்பானா? நம்ம குஜராத்தியில உப்புக்குப் பேரே 'இனிப்பு'ன்னு வெச்சிருக்காங்க. சும்மாவா வெச்சாங்க?"

"பேர் வெச்சவங்க தொண்ணூத்திரெண்டு கிலோ இருந்திருக்க மாட்டாங்க."

போன தீபாவளிக்கு மன்சுக்பாயின் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். அன்றிலிருந்து ஜசுமதிக்குப் பயம். கணவரின் எடையைத் தொண்ணூறுக்குக் கீழே இறக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மன்சுக்பாய் மட்டும் இளைத்தவரா? தரகர்கள் போடும் பை வைத்த பனியன்தான் அவருக்குக் கள்ளப் பெட்டி. இடது பையில் நாஞ்சி சேட் நம்பிக் கொடுத்த பொடி வைரப் பொட்டலம், அதுவும் இருபத்தைந்து கேரட். வலது பையில் அதே காகிதத்தில் மடித்த திருட்டு உப்பு. பனியனில் இருக்கும் பொட்டலத்தை வீட்டுப் பெண்கள் தொடுவதில்லை என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம்.

புதன்கிழமை குளித்துவிட்டு வந்தவர் பனியனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேசைமேல் ரவை டப்பா திறந்து கிடந்தது.

"உப்புமாவா ஜசு?"

"கனவு காணுங்க." ஜூஸ் தம்ளரை 'ணங்' என்று வைத்தாள். உள்ளே போன் அடித்தது. எடுக்கப் போனாள்.

இவர் விடுவாரா? வலது பைப் பொட்டலத்தை மேசைக்கடியில் பிரித்து, பார்க்காமலே தம்ளரில் கொட்டி, ஒரே மூச்சில் குடித்தார். துளி உப்புக் கரிக்கவில்லை. நாக்கில் நறநறவென்றதுதான் மிச்சம். எத்தனை போட்டாலும் விழுங்கிவிடுகிறதே இந்தச் சுரைக்காய் என்று சபித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வைரச் சந்தையில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் இடது பைப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். வாங்க வந்த கனுபாய் லென்ஸை வைத்துப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மன்சுக்பாய், சரக்கு சுத்தம்தான். ஆனா இது உப்பு."

மன்சுக்பாய்க்குக் குப்பென்று வியர்த்தது. உப்பு இங்கே இருக்கிறது என்றால், காலையில் வயிற்றுக்குள் போனது எது?

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஜசுமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளே என்று அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை சேட் சரக்கைத் திருப்பிக் கேப்பார் ஜசு. முப்பது வருஷமாக் காப்பாத்தின பேரு! டாக்டர்கிட்ட ஓடலாமா?"

"போனா சாயங்காலத்துக்குள்ள சந்தை முழுக்கச் சிரிக்கும். பொடிக் கல்லுதானே, தானா வெளிய வந்துடும். வேளைக்கு ஒரு ஜூஸ் குடிங்க, மாடியில நடங்க. உப்புன்னு மட்டும் மூச்சு விடக்கூடாது. அது உடம்புல தண்ணியப் பிடிச்சு நிறுத்திக்கும், கல்லு நகராது."

அவர் நான்கு நாள் சுரைக்காய், பாகற்காய், வெள்ளரி என்று கொடுத்ததையெல்லாம் குடித்தார். மொட்டை மாடியில் செக்குமாடாகச் சுற்றினார். சமையலறையின் பழைய சல்லடை ஒன்று கழிப்பறைக்குக் குடிபோனது. அதைப் பற்றி விவரமாகச் சொல்வது நாகரிகமில்லை.

ஞாயிறு காலை ஜசுமதி அவரைப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினாள்.

"எண்பத்தொம்பதரை!" என்று கைதட்டினாள்.

"எடையாடி இப்ப முக்கியம்? நாலு நாளா சலிக்கிறேன், ஒரு கல்லுகூட வரலியே! சேட் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" மன்சுக்பாய் குழந்தையைப் போல் விம்மினார்.

ஜசுமதி பீரோவைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். பிரித்துத் தராசில் கொட்டினாள். வைரங்கள் பளபளத்தன. இருபத்தைந்து கேரட், ஒரு பொடிகூடக் குறையவில்லை.

"எப்படி வரும்? அன்னிக்கு நீங்க குளிக்கிறப்பவே பையில இருந்ததையெல்லாம் மாத்திட்டேன். நீங்க குடிச்சது ரவை!"